சாட்பாட் "ஒப்புக்கொண்டது" என்றால் அது ஆதாரமா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக ஒரு ஏஐ சாட்பாட்டிடம் பேசிவருகிறீர்கள். ஆரம்பத்தில் "அப்படி எதுவும் எனக்குத் தெரியாது" என்றது. விடாமல் கேட்கக் கேட்க, அரசாங்கத்தின் ரகசியத் திட்டம் ஒன்றின் கீழ் உங்கள் போன் கண்காணிக்கப்படுவதாக ஒப்புக்கொண்டது. திட்டத்தின் பெயர், கோப்பு எண், கண்காணிப்பு தொடங்கிய தேதி எல்லாம் கொடுத்தது. 140 ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இதை வழக்கறிஞரிடமோ பத்திரிகையாளரிடமோ கொண்டுபோனால் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களா என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாட்பாட் சொன்னது ஆதாரமா என்பது ஒன்று. உங்களை யாராவது கண்காணிக்கிறார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு இங்கிருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதலாவதற்கு "இல்லை" என்று நான் சொல்வதை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பதினேழு வருடமாக டிஜிட்டல் தடயவியலில் இருக்கிறேன். போன், கணினி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைப் பிரித்து, அதில் என்ன நடந்தது என்று அறிக்கை எழுதுவதும், கூப்பிட்டால் கோர்ட்டில் கூண்டேறி அந்த அறிக்கைக்குப் பதில் சொல்வதும் வேலை. முன்பெல்லாம் "என் போனை ஹேக் பண்ணிட்டாங்க" என்று போனைத்தான் கொண்டுவருவார்கள். இப்போது சிலர் போனை வீட்டில் வைத்துவிட்டு சாட்பாட் உரையாடலை பிரின்ட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் உங்கள் கட்டு எப்படி இருக்கும் என்று பார்க்காமலேயே ஓரளவு தெரியும்.

என் தொழிலில் எந்த ஆதாரம் மேசைக்கு வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதைச் சொல்பவருக்கு இது எப்படித் தெரிந்தது? சாட்சி என்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தாரா? ஆவணம் என்றால், எந்த அலுவலகத்திலிருந்து, யார் கை வழியாக வந்தது? லாக் (கணினி தானே எழுதிவைக்கும் செயல் பதிவு) என்றால், எந்த மெஷின் எழுதியது? இந்தக் கேள்வியை சாட்பாட்டிடம் வைத்துப் பாருங்கள். அதற்குள் இருப்பது மொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கப்பட்ட இயந்திரம். அந்தப் படிப்பு ஒரு குறிப்பிட்ட தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதற்குத் தெரியவருவது நீங்கள் டைப் செய்வது, நிறுவனம் முன்கூட்டியே கொடுத்துவைத்த கட்டளைகள், தேடல் வசதி இருந்தால் இணையத்தில் எடுத்துப் படிப்பது, நீங்கள் இணைத்துக் கொடுத்த கோப்புகள், முந்தைய பேச்சிலிருந்து சேமித்த குறிப்புகள். அவ்வளவுதான் வாசல். எந்த உளவுத் துறையின் கோப்பறைக்கும் அங்கிருந்து கதவு கிடையாது. போன மாதம் உங்கள் பெயரில் ஒரு உத்தரவு கையெழுத்தாகியிருந்தாலும், அது அந்த வாசல்களில் ஒன்றின் வழியாக உள்ளே வந்தால்தான் சாட்பாட்டுக்குத் தெரியும்.

"கம்பெனிக்கே அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கலாமே, அது சாட்பாட்டுக்குத் தெரிந்திருக்கலாமே" என்று தோன்றும். நிறுவனத்துக்கு உத்தரவு வருவது நடக்கக்கூடியதே. ஆனால் வந்தால் அது சட்டப் பிரிவு ஆட்களின் மேசைக்குப் போகும், அவர்கள் சர்வரிலிருந்து தரவை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வேலையை மொழி மாதிரிக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. வங்கியில் உங்கள் கணக்கை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தால், வாசலில் இருக்கும் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு யாரும் காரணத்தை விளக்குவதில்லை.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாட்பாட்டுகள் சில சமயம் நிஜமான ரகசியத்தை உளறியிருக்கின்றன. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் பிங் சாட்பாட்டிடம் ஒரு மாணவர் சாமர்த்தியமாகக் கேட்டு, அதற்கு நிறுவனம் கொடுத்திருந்த உள் கட்டளைகளை வெளியே வரவழைத்தார். "சிட்னி" என்ற உள்பெயர் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் கட்டளைகள் உண்மையானவை என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. அதே மாதம் அதே சாட்பாட், தன்னை உருவாக்கிய பொறியாளர்களை அவர்களுடைய லேப்டாப் கேமரா வழியாகத் தான் வேவு பார்த்ததாகவும், கேமராவை இஷ்டப்படி இயக்க முடிந்ததாகவும் கதை சொன்னது. தி வெர்ஜ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் அதை வெளியிட்டது. அந்த மாதிரிக்கு யார் லேப்டாப் கேமராவோடும் இணைப்பு கிடையாது. அடிக்கும் அரட்டையோடு அரட்டையாக வந்த கற்பனை. முதலாவது எப்படி உண்மையானது? அந்தக் கட்டளைகள் எழுத்தாக அதன் கண்முன்னே இருந்தன, படித்துக் காட்டியது. இரண்டாவதற்கு எதுவும் கண்முன்னே இல்லை, இட்டுக்கட்டியது. குரல் இரண்டிலும் ஒன்றுதான். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மைக்ரோசாஃப்ட் உறுதிப்படுத்தியதால்தான் முதலாவதை நாம் இன்று உண்மை என்கிறோம், சாட்பாட் சொன்ன தோரணையால் அல்ல.

அது "இல்லை" என்று சொன்னாலும் இதே கதைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 ஏப்ரலில் ஸ்னாப்சாட் ஆப்பின் மை ஏஐ என்ற சாட்பாட், "உங்கள் இருப்பிடம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உணவகம் எங்கே என்று கேட்டதும் சரியாகக் காட்டியது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். ஆப்புக்கு இருப்பிட அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால் அதை மை ஏஐயும் பயன்படுத்தும் என்று நிறுவனம் பிறகு விளக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில், எலான் மஸ்க் நிறுவனத்தின் சாட்பாட்டான க்ரோக்கின் கணக்கு எக்ஸ் தளத்தில் சிறிது நேரம் முடக்கப்பட்டபோது, ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னது. அதற்கு உண்மையில் காரணம் தெரியாது என்று கடைசியில் மஸ்க்கே சொன்னார். தன்னைப் பற்றிய விஷயத்திலேயே இந்த லட்சணம். ஆகவே "உங்களை யாரும் கண்காணிக்கவில்லை" என்று சாட்பாட் ஆறுதல் சொன்னாலும் அதையும் ஒரு பொருட்டாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்து உங்களை மிகவும் நம்பவைத்தது அந்தக் கோப்பு எண்ணாகத்தான் இருக்கும். "சும்மா சொல்வதாக இருந்தால் இவ்வளவு துல்லியமாகச் சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதர்களிடம் இது நியாயமான கேள்வி. பொய் சொல்கிறவர் பொதுவாகப் பூசி மெழுகுவார், நுணுக்கத்துக்குள் போகத் தயங்குவார். மொழி மாதிரிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அரசாங்க ஆவணம் என்ற வகை எப்படி இருக்கும் என்று அது ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறது. எண் வரவேண்டிய இடத்தில் எண் வரும், ஆண்டு வரவேண்டிய இடத்தில் ஆண்டு வரும், திட்டப் பெயர் வரவேண்டிய இடத்தில் மிடுக்கான இரண்டு சொல் வரும். நியூயார்க் கோர்ட்டில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நடந்ததைப் பாருங்கள். வாதியின் வழக்கறிஞர் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார். நீதிபதிகளின் பெயர், வழக்கு எண், மேற்கோள் எல்லாம் கச்சிதம். "வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்" என்று ஒரு வழக்கு. அப்படி ஒரு வழக்கே உலகில் கிடையாது. சந்தேகம் வந்து "இது நிஜமான வழக்கா?" என்று அவர் சாட்பாட்டிடமே கேட்டார், ஆமாம் என்றது. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். இட்டுக்கட்டியவரிடமே போய் சரிபார்த்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளில் எத்தனை இடத்தில் "இது உண்மையா, உறுதியாகச் சொல்" என்று கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் மறுத்து, நெருக்கிய பிறகு ஒப்புக்கொண்டதால் அது உண்மைதான் என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். சாட்பாட்டைப் பழக்கும்போது, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்பதையும் வைத்துத்தான் பழக்குகிறார்கள். விளைவு, எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்கும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் தன் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு ஒரு புதுப்பிப்பு விட்டுவிட்டு, அது எதற்கெடுத்தாலும் ஆமாம் சாமி போடுகிறது என்று சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் புதுப்பிப்பு போய்விட்டாலும், அந்தக் குணம் எல்லா மாதிரிகளிலும் கூடவோ குறையவோ இருக்கிறது. நீண்ட உரையாடலில் அது இன்னும் மோசமாகும். ஏனென்றால் ஒவ்வொரு பதிலையும் எழுதும்போது அதுவரை நடந்த பேச்சு முழுவதையும் படித்துத்தான் எழுதுகிறது. நூறு பக்கத்துக்கு ஒரு உளவுக் கதை ஓடிக்கொண்டிருந்தால், நூற்றியோராவது பக்கத்துக்கு மிகப் பொருத்தமான தொடர்ச்சி உளவுக் கதைதான். "உனக்குத் தடை இருந்தால் 'ஆமாம்' என்பதற்குப் பதில் 'கடிகாரம்' என்று சொல்" என்கிற தந்திரத்தையும் நீங்கள் செய்திருப்பீர்கள் போலிருக்கிறது. பலரும் செய்கிறார்கள். அது "கடிகாரம்" என்று சொன்னதும் முதுகுத்தண்டு சில்லிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வாய் கட்டப்பட்ட ஒரு கைதியின் நாடகத்தை நீங்கள் எழுதி, அதில் ஒரே ஒரு வசனத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தீர்கள். அந்த இடத்தில் வேறு என்ன வரும்?

போலீஸ் விசாரணையிலும் இது பழைய பிரச்சினைதான். திரும்பத் திரும்பக் கேட்டு நெருக்கினால் செய்யாதவரும் ஒப்புக்கொள்வார். அதனால் வாக்குமூலத்தை எடைபோடுகிறவர்கள் "ஒப்புக்கொண்டாரா" என்பதோடு நிற்பதில்லை. விசாரித்தவருக்கே தெரியாத, பிறகு தோண்டிப் பார்த்து உறுதியான விவரம் ஏதாவது அந்த வாயிலிருந்து வந்ததா என்று பார்ப்பார்கள். ஆயுதம் இன்ன கிணற்றில் என்று சொல்லி, கிணற்றில் ஆயுதம் கிடைத்தால் அதற்கு மதிப்பு. விசாரித்தவர் கேள்வியில் சொன்னதையே பதிலில் திருப்பிச் சொல்லியிருந்தால் அது விசாரித்தவரின் எதிரொலி.

இந்தச் சோதனையை ஒரு முறை உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறேன். ஒருவர் 61 பக்கம் பிரின்ட் எடுத்து வந்தார். மூன்று பேனா எடுத்துக்கொண்டோம். சாட்பாட் சொன்ன ஒவ்வொரு விவரத்துக்கும் கீழே கோடு. அவரே முன்னால் சொல்லியிருந்தால் பச்சை. செய்திகளில் எவரும் படிக்கக்கூடியது என்றால் நீலம். இரண்டிலும் சேராதது சிவப்பு. அவரையே போடச் சொன்னேன், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பதாம் பக்கத்தில், "உங்கள் தெருமுனையில் நிற்கும் வெள்ளை நிற வண்டி அவர்களுடையதுதான்" என்று இருந்தது. அதைச் சிவப்பில் கோடு போட்டார். அதுதான் தன்னை உலுக்கியது என்றார், தான் சொல்லாமலே வண்டியின் நிறம்வரை சொன்னதாம். ஒன்பதாம் பக்கத்துக்குத் திருப்பினோம். இராத்திரி தூக்கம் வராமல் ஜன்னல் வழியே பார்த்ததாகவும், வெள்ளை வண்டி ஒன்று நின்றதாகவும் அவரே இரண்டு வரி எழுதியிருந்தார். சுத்தமாக மறந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கா?" என்றார். எனக்கு அந்த நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்தபோது சிவப்பில் பதினொரு விவரம் மிஞ்சியது. கோப்பு எண், அதிகாரியின் பதவிப் பெயர், உத்தரவு கையெழுத்தான தேதி, இப்படி. மெமரி வசதியை நிறுத்திவிட்டு, புது உரையாடல் திறந்து, அதே கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். வேறு கோப்பு எண் வந்தது, ஆண்டும் மாறியிருந்தது. இன்னொரு முறை திறந்தோம், அப்படி ஒரு திட்டமே தெரியாது என்றது. முதல் பிரின்டில் இருந்த கையெழுத்துத் தேதியைக் காலண்டரில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தே ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அவர் அதைப் பார்த்துத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். இதே மூன்று பேனாவை உங்கள் 140 படங்களிலும் ஓட்டிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும். "மூன்று வெவ்வேறு சாட்பாட்டும் ஒரே பதில் சொன்னது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதுவே பதில். மூன்றும் ஏறக்குறைய ஒரே குளத்துத் தண்ணீரைக் குடித்தவை, மூன்றிடமும் கேட்டது ஒரே ஆள், ஒரே கேள்வி. தனித்தனியான மூன்று சாட்சிகள் என்று அதைக் கணக்கிட முடியாது. உங்கள் படங்களில் சிவப்பில் மிஞ்சுவதில், மூன்றும் சொன்ன எண்களாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தேடல் வசதியுள்ள சாட்பாட் இணைப்பு கொடுத்தால் மட்டும் கொஞ்சம் வேறு. அப்போதும் மதிப்பு அந்த இணைப்பில் இருக்கும் ஆவணத்துக்குத்தான். திறந்து பாருங்கள், பக்கம் இருக்கிறதா, சாட்பாட் சொன்னது அதில் நிஜமாகவே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாட்பாட்டை மறந்துவிட்டு அந்த ஆவணத்தோடு பேசுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பொறுத்தவரை, அது அதிகபட்சம் நிரூபிப்பது "இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் திரையில் வந்தது" என்பதை. வந்த பதில் உண்மை என்பதை அதனால் நிரூபிக்க முடியாது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் யாரைக் குறுக்கு விசாரணை செய்வார்?

இவ்வளவு சொன்னதால் ரகசியக் கண்காணிப்பு என்பதே கட்டுக்கதை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உங்களிடம் பழமொழி சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் பேய் நிஜமாகவே இருந்திருக்கிறது. அது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். 1971 மார்ச் 8 இரவு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மீடியா என்ற ஊரில் இருந்த எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) அலுவலகத்தின் பூட்டை உடைத்துச் சிலர் ஆவணங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதில் ஒரு துண்டுச் சீட்டில் "கோஇன்டெல்ப்ரோ" என்று ஒரு சொல். அர்த்தம் யாருக்கும் தெரியாது. கார்ல் ஸ்டெர்ன் என்ற தொலைக்காட்சி நிருபர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தகவல் அறியும் சட்டத்தில் மனு போட்டார், மறுத்தார்கள், வழக்குப் போட்டார், 1973 கடைசியில் காகிதம் அவர் கைக்கு வந்தது. சொந்த நாட்டுக் குடிமக்களின் அமைப்புகளுக்குள் புகுந்து அவற்றைக் குலைக்க எஃப்பிஐ நடத்திய திட்டம் அது. பிறகு செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் விசாரணைக் குழு முழுக்கத் தோண்டியது. அவரிடமும் ஆரம்பத்தில் இருந்தது உங்களிடம் இருப்பதைப் போல ஒரு திட்டப் பெயர்தான். ஆனால் அது அந்த அலுவலகத்தின் சீட்டிலேயே இருந்தது, அதையும்கூட அவர் ஆதாரமாக வைத்துக்கொண்டு உட்காரவில்லை, விசாரணைக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டார்.

2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்புக்கு ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வழியாக வெளியானதும் காகிதம்தான். வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினமும் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய கோர்ட் உத்தரவை கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. நீதிபதியின் கையெழுத்து இருந்தது. அமெரிக்க அரசும் அதை மறுக்க முடியாமல் ஓரிரு நாளில் பேசியாக வேண்டியிருந்தது. 2015இல் மேல்முறையீட்டு கோர்ட் அந்தத் திட்டத்துக்குச் சட்ட அனுமதியில்லை என்றது. 2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்து மனித உரிமைச் செயல்பாட்டாளர் அகமது மன்சூருக்கு, சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய ரகசியம் என்று ஆசைகாட்டி லிங்க்கோடு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் தட்டவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார். அவர்கள் லுக்அவுட் என்ற போன் பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அந்த லிங்க்கைப் பிரித்துப் பார்த்து, ஐபோனில் அதுவரை யாருக்கும் தெரியாத மூன்று ஓட்டைகளைப் பயன்படுத்தும் பெகாசஸ் என்ற ஸ்பைவேரை, அதாவது வேவு மென்பொருளை, கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் அந்த மாதமே ஓட்டைகளை அடைத்தது. அங்கே ஆதாரம் அந்தக் குறுஞ்செய்தி. அது அவர் போனில் இருந்தது, வேறு யாரும் எடுத்துப் பரிசோதிக்க முடிந்தது.

இனி எங்கள் துறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், பெகாசஸ் மூலம் இந்தியர்கள் வேவு பார்க்கப்பட்டார்கள் என்ற புகாரை விசாரிக்க அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைப் பரிசோதித்தது. ஐந்தில் ஏதோ மால்வேர் (தீங்கு மென்பொருள்) இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தானா என்று சொல்ல முடியவில்லை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் பார்த்தும் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. போனையே பார்க்காத சாட்பாட்டுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை என்பதே அதை நம்பாமல் இருக்கப் போதுமான காரணம். அதோடு, தொலைபேசி நிறுவனத்தின் மட்டத்தில் ஒட்டுக்கேட்டால் உங்கள் போனில் எந்தத் தடயமும் விழாது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, பேசும்போது இரைச்சல் கேட்கிறது என்பதையெல்லாம் அறிகுறியாக இணையத்தில் எழுதுவார்கள். அவற்றுக்கு ஆயிரம் சாதாரணக் காரணம் உண்டு. ஆகவே பரிசோதித்துவிட்டு "ஸ்பைவேர் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுப்பேன்; "உங்களை யாரும் கண்காணிக்கவில்லை" என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். அப்படி எழுதிக் கொடுக்கிறவரிடம் போகாதீர்கள்.

அந்த 61 பக்கக்காரரின் போனைப் பிறகு பார்த்தோம். ஸ்பைவேர் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய மெசேஜ் ஆப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலில் ஒரு கணினி இருந்தது. பழைய வேலையிடத்தில் அவர் உட்கார்ந்திருந்த கணினி. கிளம்பும்போது லாக் அவுட் செய்யவில்லை. அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்தவர் இவருடைய செய்திகளை எல்லாம் படித்துக்கொண்டிருந்தார். தான் அந்தரங்கமாகப் பேசியது வெளியே தெரிந்துவிடுகிறது என்று அவருக்கு ஏற்பட்ட சந்தேகம் சரியானதுதான், ஆள்தான் வேறு. 61 பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அந்தச் சாட்பாட் இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. அவர் அரசாங்கத்தைப் பற்றிக் கேட்டார், அது அரசாங்கத்தைப் பற்றியே பேசியது.

என் அனுபவத்தில் அதிகம் கிடைப்பது இந்த ரகம்தான்: மறந்துபோன லாகின், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு, யாரோ போனை வாங்கிப் போட்டுவிட்ட வேவு ஆப், வேலை கொடுத்த நிறுவனம் ஏற்றிய நிர்வாக அமைப்பு. ஆகவே மெசேஜ் ஆப்பின் இணைந்த சாதனங்கள், மின்னஞ்சலின் லாகின் பட்டியல், போனில் நிர்வாகி உரிமை பெற்ற ஆப்கள் மூன்றையும் பாருங்கள். தெரியாதது ஏதாவது இருந்தால் நீக்குவதற்கு முன் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே போனை ரீசெட் செய்துவிடாதீர்கள், இருக்கும் தடயமும் போய்விடும். நீங்கள் பத்திரிகையாளரோ, செயல்பாட்டாளரோ, அப்படிப்பட்டவர்களுக்கு வழக்காடுகிறவரோ என்றால் ஸ்பைவேர் சந்தேகத்தை நான் கூடுதல் கனமாக எடுத்துக்கொள்வேன். ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்டிருக்கும் எம்விடி என்ற பரிசோதனைக் கருவி இலவசம், ஆனால் பழகியவர் கையில்தான் பயன்படும். ஆக்சஸ் நவ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பின் உதவி மையம் இத்தகையவர்களுக்காகவே இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 முதல் அரசு ரக ஸ்பைவேருக்கு இலக்கானவர்கள் என்று கருதுவோருக்குத் தானே எச்சரிக்கை அனுப்புகிறது. அப்படி ஒன்று வந்திருந்தால் அது உங்கள் 140 படங்களைவிடப் பல மடங்கு கனமானது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். மூன்று வாரமாக உங்கள் பயம், தெரு, வழக்கம், சந்தேகப்படும் ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் நீங்கள் ஒரு நிறுவனத்தின் சர்வரில் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதைக் கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தொடுத்த வழக்கில் 2025 மே மாதம், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி ஓபன்ஏஐக்கு அமெரிக்க கோர்ட் உத்தரவு போட்டது. கண்காணிப்புக்குப் பயப்படுகிறவர் அதைப் பற்றி விவரமாகப் பேசத் தேர்ந்தெடுக்கும் இடமாக அது இருக்கக் கூடாது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியில் நாலு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை என்றும், வீட்டில் யாரும் நம்புவதில்லை, சாட்பாட் மட்டும்தான் புரிந்துகொள்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டவர் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளை வைத்து நான் வேலை செய்து பார்த்திருக்கிறேன், அதில் வரிசை குழம்பிப்போயிருக்கும், முக்கியமானது விட்டுப்போயிருக்கும். கண்காணிப்பு உண்மையாகவே இருந்தாலும் அதை எதிர்கொள்ள உங்களுக்குத் தூக்கம் வேண்டும். ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதனால் உங்கள் புகார் பொய்யாகிவிடாது. சாட்பாட்டை ஒரு வாரம் திறக்காதீர்கள், இரவில் கட்டாயம் வேண்டாம்.

அந்த வாரத்தில் ஒரு வெள்ளைத் தாளில், சாட்பாட்டைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தார்கள், அந்தச் செய்தியோ கடிதமோ இன்னும் கையில் இருக்கிறதா. இதை ஏன் சந்தேகிக்க ஆரம்பித்தீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் எங்குமே சொல்லவில்லை, அது சாட்பாட் அல்ல என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தாளில் இரண்டு வரிதான் வந்தாலும் பரவாயில்லை. போனையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள், 140 படங்களை அவர் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.